கையும் காயும்

வண்ணாரப்பேட்டையில் இரவு ஏழு மணிக்குமேல் நடந்து செல்வோர் காதில் இரண்டு ஓசைகள் விழாமல் போவதில்லை. ஒன்று, துறைமுகத்தை நோக்கிச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் உறுமல். மற்றொன்று, தெருமுனை மன்றத்தில் தாழத் தொங்கும் விளக்கின்கீழ்க் கேரம் காய் குழியில் விழும் 'டக்' என்னும் ஓசை. முதல் ஓசை எங்களுக்குப் பழகிப் போய்க் காதில் ஏறுவதேயில்லை. இரண்டாவது கேட்டுவிட்டால், தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்று, அறுபது வயதையும் கடந்துவிட்ட எனக்குக்கூடக் கால் தானாக நின்றுவிடுகிறது.

கேரம் எங்கள் பகுதியின் ஏழை வீட்டு ஆட்டம். அதற்கு மைதானம் வேண்டா; காலணியும் சீருடையும் வேண்டா. நான்கடி இடமும், ஒரு பலகையும், ஒரு விளக்கும், சிட்டிகைப் பவுடரும் போதும். ஆயினும் அதன் புகழ் சிறிதன்று. அகில உலகக் கேரம் கூட்டமைப்பு 1988-இல் நிறுவப்பட்டது நம் சென்னையிலேதான். இருமுறை உலக வாகை சூடிய மரிய இருதயம் அவர்களுக்கு 1996-ஆம் ஆண்டு அர்ஜுனா விருது கிடைத்தது. வியாசர்பாடியில் வளர்ந்த இளவழகி 2008-இல் பிரான்சு நாட்டில் உலகப் பட்டம் பெற்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாகிய காசிமா, தமது பதினேழாம் வயதில் ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அந்த வாரம் எங்கள் தெருக்களில் இனிப்பு வழங்காத வீடு அரிது.

ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அவர்கள் பெற்ற பதக்கங்களைப் பற்றியன்று. விரல் ஸ்டிரைக்கரைச் சுண்டுமுன் கழிகின்ற சில நொடிகளில் மனம் என்ன செய்கிறது, அதை என்ன செய்வது என்பதே என் பொருள். இதைப் பற்றி நான் கற்றது ஒரு பிழையினால். பிழையும் என்னுடையதே.

முதலில் ஒரு பணக்கார ஆட்டத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றது சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில். அங்கிருந்து சிறிது தொலைவில், அதே அண்ணா சாலையில், நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் சங்கத்தாரின் கோல்ஃப் திடல் இருக்கிறது. ஆடுவோருடைய மட்டைப் பையைச் சுமந்து செல்லும் ஒருவர், நாங்கள் தேநீர் அருந்தும் கடைக்கு வருவதுண்டு. அவரை நாங்கள் "அண்ணே, இன்றைக்கு ஆட்டம் எப்படி?" என்று கேட்போம். ஒருநாள் அவர் சொன்னார்: "பெரிய மனுசங்க தம்பி. அடிக்கிறதுக்கு முன்னாடி தனக்குத் தானே பேசிப்பாங்க. பேச்சு நீளமாச்சுன்னா பந்து குட்டையா போவும்."

அன்று சிரித்தோம். அவர் சொன்னதற்கு ஆங்கில நாட்டார் 'ஸ்விங் தாட்ஸ்' என்று பெயரே வைத்திருக்கின்றனர் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே எனக்குத் தெரிந்தது. மட்டையை ஓங்கும் வேளையில் தலைக்குள் ஓடும் கட்டளைகள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தலையை அசைக்காதே, இடது முழங்கை மடங்கலாகாது, பிடியை இறுக்காதே, இடுப்பு முந்தட்டும், தோள் பிந்தட்டும். ஒவ்வொன்றும் நல்ல அறிவுரைதான். ஆனால் மட்டை மேலேறிக் கீழிறங்க ஒரு நொடிக்குச் சற்றே மிகுதியாகும். அந்த ஒரு நொடிக்குள் ஐந்து அதிகாரிகள் ஒரே குமாஸ்தாவுக்கு ஐந்து உத்தரவுகள் பிறப்பித்தால் கோப்பு எப்படி நகரும்?

கோல்ஃபில் இன்னொரு சங்கடம் உண்டு. ஆட்டம் முடிய ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகிறது. அதில் உண்மையாகவே பந்தை அடிக்கும் நேரத்தைக் கூட்டினால் சில நிமிடங்களே தேறும். மற்றதெல்லாம் நடையும் காத்திருப்பும். எஞ்சிய நேரம் முழுவதும் மனத்துக்கு விடுமுறை. விடுமுறையில் விட்ட பிள்ளை என்ன செய்யும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். எங்கள் கேரத்தில் அந்தத் தொல்லை குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். போட்டி விதிப்படி ஓர் அடிக்குப் பதினைந்து நொடிதான். ஆனால் பதினைந்து நொடியில் மனிதன் தன் வீட்டு வாடகையிலிருந்து எதிராளியின் மீசை வரை எல்லாவற்றையும் நினைத்துவிட முடியும். அளவிலும் கேரம் கருணையற்றது. கோல்ஃப் குழியின் குறுக்களவு 10.8 சென்டிமீட்டர். கேரம் குழியோ 4.45 சென்டிமீட்டர், அதில் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மிகுந்த காய் விழ வேண்டும். ஒரு மயிரிழை பிசகினால் காய் குழியின் விளிம்பில் தட்டி வெளியே வந்து நிற்கும்.

மனத்தை 'அடங்கு' என்று அதட்டினால் அடங்குமா? மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம்மவர் சொல்லும் வேடிக்கை உங்களுக்குத் தெரிந்ததே. நினைக்கலாகாது என்றதனாலேயே குரங்கு வந்து மருந்துக் கிண்ணத்தின்மேல் உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்ற உளநூல் பேராசிரியர் 1987-இல் இதையே ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். அவர் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடியை வைத்துக்கொண்டார், முடிவு ஒன்றுதான். 1998-இல் அவரும் கூட்டாளிகளும் கோல்ஃப் பந்தையே கொடுத்துப் பார்த்தனர். 'குழியைத் தாண்டிப் போகும்படி மட்டும் அடித்துவிடாதே' என்று சொல்லி, கூடவே மனத்துக்கு வேறொரு சுமையையும் ஏற்றியபோது, பந்து குழியைத் தாண்டியே ஓடியது. 'நடுங்காதே' என்பதும் இந்த இனத்தைச் சேர்ந்த அறிவுரைதான் என்பதைப் பின்னால் வரும் கதைக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டில் மீன் வாங்கப் போகிறவர்கள் இதைக் கண்ணாலேயே காணலாம். அங்கே ஒரு மூதாட்டி அரிவாள்மணையின்முன் அமர்ந்து வஞ்சிரம் அரிகிறார். வாய் ஒருவரோடு பேரம் பேசுகிறது. கண் சில்லறையை எண்ணுகிறது. கை ஒரே கனத்தில் துண்டுகளைத் தள்ளிக்கொண்டேயிருக்கிறது. வாத்தியார் புத்தி சும்மாயிராது அல்லவா? "ஆயா, எந்த விரலால் மீனை அழுத்திப் பிடிக்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் குனிந்து தம் கையைப் பார்த்தார். கை நின்றது. அடுத்த துண்டு ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் வந்தது. "இன்னா சார், தொழிலக் கெடுக்கிறியே!" என்றார். அந்தத் துண்டையும் என் பையிலேதான் போட்டார்.

கற்றுத் தேர்ந்த கை தானே செய்யும் வேலையில் மூளை புகுந்து மேற்பார்வை செய்தால் வேலை கெடுகிறது. சையன் பைலாக் என்ற அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் 2002-இல் தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களைக் கொண்டு இதைச் சோதித்தனர். பந்தைக் குழிக்குள் உருட்டும்போது ஒருமுறை அவர்களைத் தம் மட்டையின் ஓட்டத்தையே கவனிக்கச் சொன்னார்கள். மற்றொருமுறை, இடையிடையே கேட்கும் ஓர் ஒலிக்குக் காது கொடுத்துக்கொண்டே அடிக்கச் சொன்னார்கள். ஒலிக்குக் காது கொடுத்தபோதே நன்றாக அடித்தனர்! 2004-இல் வேறொன்றும் கண்டனர்: 'விரைந்து அடி' என்றபோது தேர்ந்தவர்கள் மேலும் நன்றாக அடித்தனர், புதியவர்களுக்கோ விரைவு கேடாயிற்று. கற்கும் பருவத்தில் ஒவ்வொரு படியையும் எண்ணித்தான் செய்ய வேண்டும். ஆகவே ஆசிரியர்களாகிய எங்களுக்கு அடியோடு வேலையில்லாமல் போகவில்லை என்பதில் எனக்குச் சிறிது ஆறுதல்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

1994-ஆம் ஆண்டு. நான் அப்போது எங்கள் பகுதிப் பள்ளியொன்றில் தமிழாசிரியர். மாலையில் பிள்ளைகளுக்குக் கேரம் பழக்கும் பொறுப்பும் என்னுடையது. பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன். தந்தை துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். இலக்கணத்தில் அவனுக்கும் எனக்கும் ஓயாத வழக்கு. பலகையின்முன் அமர்ந்துவிட்டாலோ அவன் வேறு பிள்ளை. காயைப் பார்ப்பான், சுண்டுவான், அடுத்த காயைப் பார்ப்பான். அவ்வளவுதான். எப்படி அடித்தாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. எனக்கோ சொல்லித் தராமல் இருக்கத் தெரியாது.

பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் இறுதியாட்டம் வரை வந்துவிட்டான். ஆளுக்கு ஒன்று வென்று, மூன்றாவது ஆட்டம். இருபத்தைந்து எடுத்தால் வெற்றி. இவனுக்கு இருபது, எதிராளிக்கு இருபத்தொன்று. பலகையில் இவனுடைய வெள்ளைக்காய் ஒன்றே மிச்சம். எதிராளியின் கறுப்பு மூன்று. சிவப்புக்காயை அப்போதுதான் இவன் குழிக்குள் தள்ளியிருந்தான். அதற்கு ஃபாலோவாக அந்த ஒற்றை வெள்ளைக்காயையும் போட்டுவிட்டால் சிவப்புக்கு மூன்று, எஞ்சிய கறுப்புக்கு மூன்று; ஆட்டம் முடிந்தது. காயோ இடப்பக்கக் குழிக்கு இரண்டு விரற்கடைத் தொலைவில், நேர்க்கோட்டில் கிடந்தது. எங்கள் தெருவில் ஏழு வயதுப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு போடும் காய்.

பெரிய போட்டிகளில் பின்னாலிருந்து பேச விடமாட்டார்கள். அன்று அவ்வளவு கண்டிப்பில்லை. நான் அவனுடைய தோளருகே குனிந்து, மிகுந்த அன்போடு, "நடுங்காதே. மணிக்கட்டை ஆட்டாதே. தோளைத் தளர்த்து. மெதுவாக" என்றேன். நான்கு கட்டளைகள். அவற்றுள் ஒன்றுகூடத் தவறானதன்று.

ஸ்டிரைக்கரைக் கோட்டில் வைத்தான். எடுத்தான். மறுபடியும் வைத்தான். ஓராண்டில் அவன் அப்படிச் செய்ததை நான் கண்டதில்லை. பிறகு சுண்டினான். காய் குழியின் விளிம்பில் தட்டிக் கையகலம் விலகி நின்றது. சிவப்புக்காயை நடுவர் எடுத்து நடுவட்டத்தில் வைத்தார். எதிராளி அமைதியாகத் தன் காய்களையும் சிவப்பையும் போட்டு முடித்தான். சிவப்புக்கு மூன்று, இவனுடைய வெள்ளைக்கு ஒன்று; கணக்குச் சரியாக இருபத்தைந்து.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் நான் அவனைத் தேற்றினேன். பயிற்சி போதவில்லை என்றும் சொன்னேன். அதுவும் பொய். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை மாலைப் பலகைக்கு அவன் வரவில்லை, அதன்பின் வரவேயில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பள்ளியை விட்டுப் போய்விட்டான். தோற்றதற்காக ஆட்டத்தை விடும் பிள்ளைகள் உண்டு. சில மாதங்களில் திரும்பிவிடுவார்கள். இவன் ஏன் திரும்பவில்லை என்பது நெடுநாள் என் நெஞ்சில் முள்ளாயிருந்தது.

2019-இல் வண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ ரயில் வந்த புதிதில், நிலையத்தின் வாயிலில் ஒருவர் "சார்!" என்று அழைத்துக் காலைத் தொட்டார். அவன்தான். துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டுகிறானாம். தேநீர் வாங்கிக் கொடுத்தான். இருபத்தைந்து ஆண்டுகளாக அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்: "அன்றைக்கு அந்தக் காய் ஏனப்பா போகவில்லை?"

அவன் சிரித்தான். "நீங்க சொன்னது எல்லாம் கரெக்ட் சார். ஆனா நீங்க சொன்னப்புறம் எனக்குக் காய் தெரியல. என் கைதான் தெரிஞ்சுது."

நேயர்களே, நான் படித்த உளநூல் புத்தகங்கள் அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதிய உரைகளாகவே எனக்குப் பட்டன. கப்ரியேல் வுல்ஃப் என்ற ஆராய்ச்சியாளர் கூட்டாளிகளுடன் 1999-இல், கோல்ஃபே ஆடியறியாதவர்களுக்கு அந்த ஆட்டத்தைப் பழக்கினார். ஒரு சாராரிடம் 'உங்கள் கைகளின் வீச்சைக் கவனியுங்கள்' என்றார். மறு சாராரிடம் 'மட்டையின் வீச்சைக் கவனியுங்கள்' என்றார். மாறியது ஒரே சொல். மட்டையைக் கவனித்தவர்களின் பந்துகளே இலக்கின் அருகில் விழுந்தன. கவனம் உடம்புக்குள் திரும்பினால் கை கட்டுண்டு போகிறது. வெளியே உள்ள பொருளில் தங்கினால் கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. கனடாவில் ஜோன் விக்கர்ஸ் அம்மையார், பந்தை உருட்டுவோரின் கண்ணோட்டத்தைக் கருவிகொண்டு அளந்து 1992-இல் வெளியிட்டார். தேர்ந்தவர்களின் கண் அங்குமிங்கும் அலைவது குறைவு. பந்தின்மேல் ஊன்றி நிற்பது மிகுதி. அடித்து முடித்த பின்னும் அவர்கள் பார்வை ஒரு கணம் அங்கேயே தங்குகிறது. அசையாத கண் என்று அதற்குப் பெயரிட்டனர்.

என் மாணவனிடம் இவ்வளவும் இயல்பாகவே இருந்தது. நான்தான் அவனுடைய கண்ணைக் காயிலிருந்து பிடுங்கி மணிக்கட்டில் நட்டேன்.

அதன்பிறகு எங்கள் பகுதியின் நல்ல ஆட்டக்காரர்களைப் பலகைக்குச் சற்று எட்ட நின்று கூர்ந்து பார்க்கலானேன். அவர்கள் மனத்தை அடக்குவதில்லை. அதற்கு வேலை கொடுக்கிறார்கள். எந்தக் காய், எந்தக் குழி, எவ்வளவு விசை என்பதையெல்லாம் ஸ்டிரைக்கர் இன்னும் கையில் இருக்கும்போதே தீர்த்துவிடுகிறார்கள். ஒருவர் பவுடரை உள்ளங்கையால் ஒருமுறை தடவுகிறார். மற்றொருவர் ஸ்டிரைக்கரைச் சட்டையில் துடைக்கிறார். இன்னொருவர் நீளமாக ஒரு மூச்சை வெளியே விடுகிறார். பார்ப்பவனுக்கு அது வெறும் பழக்கம்; ஆலோசனை முடிந்தது என்று மனத்துக்கு அடிக்கும் மணி அது. ஸ்டிரைக்கர் இரு கோடுகளையும் தொட்டு அமர்ந்தபின் புதிய யோசனை ஒன்று வந்துவிட்டால், அவர்கள் அதோடு வாதாடுவதில்லை. ஸ்டிரைக்கரை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பதினைந்து நொடியில் அதற்கும் இடமிருக்கிறது. இல்லையேல், காயின் விளிம்பில் ஸ்டிரைக்கர் தொட வேண்டிய அந்த ஒரு புள்ளியைப் பார்க்கிறார்கள். ஊசிமுனை அளவு இடம்தான். அதைத் தேடிப் பிடிப்பதற்கே மனத்துக்கு நேரம் சரியாயிருக்கிறது, கையைப் பற்றிக் கவலைப்பட ஓய்வில்லை. கோல்ஃப் ஆடுவோர் பந்தின்முன் நின்று மட்டையை இருமுறை இலேசாக ஆட்டுகிறார்களே, அதுவும் எங்கள் பவுடர் தடவலின் உடன்பிறப்பே.

இதெல்லாம் எல்லார்க்கும் எந்நாளும் பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். இரவு முழுதும் துறைமுகத்தில் வேலை செய்துவிட்டு, உறங்காமல் வந்து உட்கார்ந்தவனுக்கு எந்தப் புள்ளியும் தெரியாது. அவனுக்கு வேண்டியது உளநூல் அன்று, பாய்.

எங்கள் பயிற்சிக் காலத்தில், பிழையைக் கண்ட கணமே திருத்த வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டேன். முப்பது ஆண்டுகள் அப்படியே செய்தேன். மாணவன் எழுந்து நின்று செய்யுளை ஒப்பிக்கும்போது ளகரம் லகரமாயிற்று என்று நடுவில் குறுக்கிடுவேன். அவனும் திருத்திக்கொள்வான், அடுத்த அடி மறந்துபோகும். மறந்ததற்கும் ஏசுவேன். எத்தனை பிள்ளைகள் என் வகுப்பில் தம் நாவையே பார்த்துக்கொண்டு நின்றார்களோ, கணக்கு என்னிடம் இல்லை. டிரெய்லர் ஓட்டும் அந்த மாணவனின் சொல்லைக் கேட்டபோது நான் தலைமையாசிரியர். ஓய்வுக்குச் சிறிது காலமே இருந்தது. இருந்த காலத்தில், ஒப்பிக்கும் பிள்ளை முடிக்கும் வரை வாய் திறவாமல் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மறுநாள் காலையில் சொல்லுமாறு பழகினேன். மற்ற ஆசிரியர்களையும் கேட்டுக்கொண்டேன். சிலர் சிரித்தனர். முப்பது ஆண்டுப் பழக்கமல்லவா, தாளைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு.

2022-இல் அதே மாணவன் தன் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். ஏழாம் வகுப்பு. தமிழில் மதிப்பெண் குறைவாம். தகப்பனைக் கொண்டு பிறந்த பிள்ளை. மாலையில் மன்றத்துப் பலகையில் அவளும் கேரம் ஆடுகிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னான். என் முகத்தில் எதைக் கண்டானோ, உடனே கையெடுத்துக் கும்பிட்டான்.

"இலக்கணம் எவ்ளோ வேணா சொல்லிக் குடுங்க சார். கேரம் மட்டும் வேணாம்."

ஒப்புக்கொண்டேன். மன்றத்துக்கு எதிரிலுள்ள திண்ணையில் அமர்ந்து அவள் ஆடுவதை இன்றும் பார்க்கிறேன். கட்டைவிரலால் பின்னோக்கி அடிக்கும்போது அவள் முழங்கை சற்றே வெளியே விலகுகிறது. மூன்று ஆண்டுகளாக அதை ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன்.